முட்டிக்கு மேல் ஏறிய சேற்றுக்கோடு

"அப்ப இன்னைக்கும் அதே இடம்தானா?"

"அதே இடம்தான். ரெண்டு அடி தள்ளி."

"எந்தப் பக்கம் தள்ளி?"

"இதென்ன கேள்வி. உள்ளதான். கரையில ஏறி நின்னா மீன் பிடிப்பாங்க?"

அக்கா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அத்தான் கொண்டுவந்த கெண்டையின் செதிலை உரசிக்கொண்டிருந்தாள். அத்தான் பின்வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் நடுவே கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். அவர்கள் வீட்டுக்கு நான் குடிவந்த இந்த இரண்டு வருடங்களில், அவர்கள் பேசும்போதெல்லாம் நான் நிற்கும் இடம் அதுதான்.

"கண்ணாடிக்காரி, நீயே நியாயம் சொல்லு," என்றார் அத்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் என்பதால் அவர் வைத்த பெயர். "ஒம்பது நாளு, ஒம்பது மீனு. எந்த வீட்டுல புருஷன் இப்படி நாள் தவறாம கொண்டுவந்து போடுறான்? ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு."

"நாத்தம்தான் வருது அத்தான். வேணும்னா அதைச் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே குழாயை மூடினார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கதவு திறந்தால் உள்ளே லிஃப்ட் இருக்கிறது என்று நம்பாதே, எட்டிப் பார்த்துவிட்டுக் கால் வை என்பதை மாடிக்கு மாடி எல்லோரிடமும் சொல்கிறவர். இருபது மாடி ஆழக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தாலும் அவருக்கு நீச்சல் தெரியாது. மீன் பிடிக்கப் போனால் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று கல்யாணமான புதிதில் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருடம் அதைக் காப்பாற்றியும் இருந்தார். போன வாரம்தான் அவருக்கு ஒரு புதிய கட்டடத்தில் காலை வேலை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு வேலை முடியும். கட்டடத்தின் பின்னால் ஒரு ஏரி இருந்தது. மூன்று மணிக்கு அவர் அங்கே இருப்பார்.

"இன்னைக்கு ஒரு வேடிக்கை தெரியுமா," என்று துண்டால் காலைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "இரை டப்பாவை மோட்டார் அறையிலேயே மறந்து வச்சிட்டேன். சரி, வந்தது வந்தோம்னு வெறும் ஊசியைப் போட்டேன். அஞ்சு நிமிஷம் ஆகல. மாட்டிடுச்சு."

"வெறும் ஊசியிலயா?"

"வெறும் ஊசியில. துள்ளக்கூட இல்ல. பஸ் வந்ததும் ஏறுற மாதிரி ஏறி வந்துச்சு."

அக்காவின் கத்தி ஒரு கணம் நின்றது. "மூணு மணி வெயில்ல பெரிய மீனு மேல வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"சொல்வேன். அதான் எனக்கும் ஆச்சரியம்."

அவர் சொல்வது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். அன்றும் ஆரம்பித்தார். பெரிய மீன் நிற்பது மேட்டுத் தண்ணீர் முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பில். முதலில் இரையை முட்டிப் பார்க்கும், அப்போது இழுத்துவிடாதே, வாயில் வைத்துத் திரும்பட்டும். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காதே, உரசி நகர்த்து.

"பெரிசு எப்படிப் பெரிசாச்சு? சந்தேகப்பட்டதால. அவசரப்பட்டதெல்லாம் சின்ன வயசுலயே சட்டிக்குப் போயிடுச்சு. அதனால முதல்ல ஊசியே கூடாது. தினம் ஒரே இடம், ஒரே நேரம். சும்மா போட்டுட்டு வந்துடு. தின்னா ஒண்ணும் ஆகலைன்னு அதுக்குப் பழகணும். பழகினப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா நமக்கு வசதியான பக்கம் இரையை நகர்த்தணும். அதுக்குத் தெரியாது. தானா வர்றதாத்தான் நினைச்சுக்கும்."

"கடைசி நாள் காக்க வைக்கணும்," என்றேன் நான், மிச்சத்தை அவர் குரலிலேயே. "நேரத்துக்குப் போடக் கூடாது. பழக்கமும் பசியும் சேர்ந்தா அதுவே தேடிக்கிட்டு வரும்."

"பார்த்தியா, இவ தேறிட்டா," என்றார் அக்காவிடம்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய், தோய்க்கப் போட்டிருந்த அவருடைய கால்சட்டையையும் தன் அளவு நோட்டையும் எடுத்துவந்தாள். அவள் ஒரு துணிக்கடையில் உடுப்புகளைப் பிடித்தும் இறக்கியும் தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். கால்சட்டையை மேசைமேல் நீட்டி, கீழ் விளிம்பிலிருந்து சேறு காய்ந்திருந்த கோடு வரைக்கும் டேப்பை வைத்தாள்.

"இருபத்தெட்டு அங்குலம்," என்றாள். "முதல் நாள் நாலு. மறுநாள் ஏழு. அதுக்கு மறுநாள் பத்து. தோய்க்கிறதுக்கு முன்னால எழுதி வச்சிருக்கேன். தினம் மூணு அங்குலம். ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல. சாக்பீஸ் வச்சுக் கோடு போட்டாக்கூட எனக்கு இவ்வளவு சரியா வராது."

அத்தான் கால்சட்டையைப் பார்த்தார். கோடு தொடையின் உச்சியில் இருந்தது. அதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர் போலத் தெரிந்தார்.

"முட்டிக்கு மேல இறங்க மாட்டேன்னீங்களே."

"இறங்கினேனா?" என்றார். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அக்கா மறுபடி உள்ளே போய் மீன் தலையை ஒரு தட்டில் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "நீ சின்ன கீறலைக்கூட கண்டுபிடிக்கிறவளாச்சே. இதோட மேல் உதட்டைப் பாருடி."

பார்த்தேன். அத்தானின் ஊசி குத்திய இடம் வாயோரத்தில் இருந்தது, புதுக் காயம். மேல் உதட்டின் நடுவில் வேறொரு துளை. வட்டமாக, விளிம்பெல்லாம் ஆறி, தோடு போடாத காதுமடல் மாதிரி இருந்தது.

"பழைய துளை," என்றேன். "ரொம்ப நாளாச்சு போல."

"நான் பார்த்த எல்லா மீனுக்கும் அதே இடத்துல இருந்துச்சு. அஞ்சாவது மீனுலதான் கவனிச்சேன். அப்புறம் குப்பையைக் கிளறி முந்தின நாள் தலையை எடுத்துப் பார்த்தேன்." அவள் அத்தானிடம் திரும்பினாள். "சின்ன மீனை இரையா வைக்கிறப்ப நீங்க எங்க குத்துவீங்க?"

"மேல் உதட்டுல. நடுவுல." அவருக்குப் பாடம் சொல்வது பழக்கம், நிறுத்த முடியவில்லை. "அப்பத்தான் அது சாகாது. மூச்சு விடும், நீந்தும், இயல்பா இருக்கும். செத்த இரைக்குப் பெரிசு வராது."

குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

"ஒம்பது நாளா ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துல உங்களுக்கு யாருங்க இரை போடுறா?" என்றாள் அக்கா.

அத்தான் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "யாராவது பிடிச்சு விட்ட மீனா இருக்கும். படம் எடுத்துட்டு விட்டுடுறாங்க இப்பல்லாம்."

"நாளைக்குப் போகாதீங்க."

"நாளைக்கு ஒரு நாள்தான். நாளைக்கு வர்றது பெரிசு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவர் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

காலையில் அவர் கிளம்பிப் போனபின் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ அரை நாள் லீவு போடு. ஏரிக்கு அவரோட போ. இடுப்புக்கு மேல விடாதே."

"நீ போயேன்க்கா. உன் பேச்சைக் கேக்காதவரா என் பேச்சைக் கேக்கப் போறாரு?"

"நான் சொன்னா கோபம் வரும். கோபம் வந்தா இன்னும் உள்ள போவாரு. நீ சொன்னா சிரிப்பாரு. சிரிச்சா நிப்பாரு." அவள் என் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்கள். "என்ன செய்வியோ தெரியாது. திருப்பிக் கூட்டிட்டு வந்துடு."

இரண்டரை மணிக்கு நான் அந்தக் கட்டடத்தின் பின்வாசலில் நின்றேன். அத்தான் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும், "காவலுக்கு ஆள் அனுப்பிட்டாளா," என்றார். கோபம் இல்லை. ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, கம்பிவேலி பிய்ந்திருந்த இடத்தில் குனிந்து, உடைகல் சரிவில் இறங்கினோம். ஏரி எதிரே கிடந்தது.

அப்படியொரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. காற்று இல்லை. ஒரு வட்டம்கூட எழவில்லை. பறவை இல்லை. நன்றாகத் தேய்த்துத் துடைத்துவைத்த லென்ஸ் போல இருந்தது. அதன் வழியே பார்த்தால் அடியில் இருப்பது தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். அத்தான் தூண்டில் கோலைப் பூட்டி, நரம்பைக் கோர்த்து, காலை உரசி உரசி உள்ளே போனார். முட்டி. தொடை. நேற்றைய கோடு இருந்த இடத்தில் தானாக நின்றார்.

மணி மூன்று. ஊசியை வீசினார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நரம்பைச் சுருட்டி மறுபடி வீசினார். அவர் தோள் இரண்டும் ஏறி இறங்குவது கரையிலிருந்தே தெரிந்தது.

"இப்படி இருக்காதே," என்றார். பசியெடுத்த குரல். நான் அவரிடம் அதற்குமுன் கேட்டிராத குரல். "இந்நேரம் வந்திருக்கணுமே."

"அத்தான், அது உங்களைக் காக்க வைக்குது."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அரை அடி நகர்ந்தார். இடுப்பு நனைந்தது.

"அத்தான், அந்தக் கால்சட்டை போனா வேற கிடையாது. அக்கா அவளோட பாவாடையைத்தான் வெட்டித் தைச்சுக் குடுப்பா. அதைப் போட்டுக்கிட்டு லிஃப்ட்டுல போனா எந்த மாடியிலயும் கதவு திறக்க மாட்டாங்க."

சிரித்தார். உண்மையான சிரிப்பு. அக்கா சொன்னபடியே நின்றும்விட்டார். என் பக்கம் திரும்பி, "உங்க ரெண்டு பேருக்கும் வாய் மட்டும் குறைச்சலில்ல," என்றபடி ஒரு காலைக் கரையை நோக்கி வைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அவருக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில், தண்ணீர் மெல்ல உயர்ந்தது. எதுவும் துள்ளவில்லை, சத்தமும் இல்லை. ஒரு முதுகு மட்டும், கழற்றிப்போட்ட கதவு ஒன்று மிதப்பது போல அகலமாக, கருமையாக மேலே வந்து, அப்படியே நின்று, இறங்கியது. அலைகூட அடிக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார். ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவர் திரும்பிவிட்டார்.

"பார்த்தியா," என்றார் மிக மெதுவாக.

பிறகு நடந்தார். காலை உரசக்கூட இல்லை, தெருவில் நடப்பது போல நடந்தார். வயிறு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. நான் கத்தினேன். அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கையிலிருந்த கோலை அவர் விட்டுவிட்டார், அதற்கு இனி வேலையில்லை என்பது போல. அக்குள் அளவு தண்ணீரில் நின்றார். அங்கேயே, எனக்கு முதுகைக் காட்டியபடி, அசையாமல் நின்றார்.

காற்று துளியும் இல்லை. ஆனாலும் கோல் என் பக்கமாக மிதந்து வந்தது. அதைப் பிடித்தால் அவரிடம் நீட்டலாம் என்று தோன்றியது. குனிந்தேன், விரல் படவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டினேன். அது தொடும் தூரத்திலேயே நின்று நின்று விலகியது. கடைசியில் அதைப் பிடித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கரையின் கற்கள் எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தன. என் பாவாடையின் விளிம்பு தொடையைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கோலை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தான். வாங்க போகலாம். அக்கா காத்துக்கிட்டிருப்பா."

அவர் மெல்லத் திரும்பினார். முகத்தில் பயம் இல்லை, வலி இல்லை. மூச்சு விட்டார், கண் சிமிட்டினார், எப்போதும் போலவே இருந்தார். தண்ணீர் அவர் தோளைச் சுற்றித் தட்டையாகக் கிடந்தது. எங்களுக்கு நடுவே இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

"கால் சேத்துல பதிஞ்சிடுச்சு," என்றார், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற அதே குரலில். "எடுக்க வரல. கோலு வேண்டாம், அது வழுக்கும். நீ கொஞ்சம் முன்னால வந்து கையைக் கொடு, கண்ணாடிக்காரி."