மேட்டு வரிசை பீன்ஸ்

பெரியவர் காலைக் கஞ்சியைக்கூடத் தொடாமல் வரப்பில் வந்து நின்றார். வயலில் மருமகள் கொடி பீன்ஸைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கும் பள்ளத்து வரிசைகளை.

மக்காச்சோளத்தோடு பீன்ஸ் போடலாம், சோளத்தட்டையே கொடி ஏறப் பந்தல், ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல் என்று ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். தாய்க்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் ஊருக்குப் போகும்போது, "சோளம் முழங்கால் உயரம் வரட்டும் மாமா, அப்புறமா பீன்ஸை ஊனுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். பெரியவருக்கு யார் சொன்னாலும் சந்தேகம். மேட்டில் நாலு வரிசைக்குச் சோளக் குழியிலேயே பீன்ஸையும் போட்டு மூடினார். ஒரே குனியலில் இரண்டு வேலை. அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டதால் மற்ற வரிசைகள் தப்பின. அவற்றில் சோளத்தை மட்டும் போட்டு, பீன்ஸை மூன்று வாரம் கழித்துத்தான் ஊன்றினார்.

மேட்டில் பீன்ஸ் முந்திக்கொண்டு, இளஞ்சோளத்தின் கழுத்தைச் சுற்றித் தரையில் சாய்த்துவிட்டது.

திரும்பி வந்தவள், "நான் சொன்னபடிதானே போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி, பீன்ஸ் விதைதான் கோளாறு என்று விதைக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். இன்று மொத்தப் பீன்ஸையும் பிடுங்க இறங்கிவிட்டாள்.

"வேடிக்கை பார்க்கவா வந்தீங்க? அந்த ஓரத்துல இருந்து பிடுங்கிட்டு வாங்க."

"இது நல்லாத்தானே ஏறுது."

"மேட்டுலயும் நல்லாத்தான் ஏறுச்சு. சோளமாவது மிஞ்சட்டும். பீன்ஸுன்னாலே உங்களுக்கு ஆகாது, இன்னிக்கு என்ன பாசம் பொங்குது?"

அடுத்த கொடியில் கை வைத்தாள். விரல் நீளத்துக்குப் பிஞ்சு தொங்கியது.

"விடும்மா. மேட்டுல நான் ஒரே நாள்ல ஊனிட்டேன்."

"எதை?"

"ரெண்டையும். விதை மேல குத்தமில்ல."

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே. பக்கத்துலதானே நின்னீங்க?"

நின்றார்தான். தலையைக்கூட ஆட்டினார்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் பிடுங்கிய கொடி ஒன்றை எடுத்து மண்ணில் வைத்து அழுத்தினாள். அது துவண்டு விழுந்தது. பிடுங்கிப் போட்ட மூன்று வரிசையும் அப்படியே வாடிக் கிடந்தது. நேற்றே வாயைத் திறந்திருந்தால் மூன்றும் நின்றிருக்கும்.

"போங்க மாமா. கடைக்குப் போய் நீங்களே சொல்லிட்டு வாங்க."

பெரியவர் செருப்பைத் தேடி மாட்டினார். கடையில் இந்நேரம் கூட்டமாக இருக்கும். இருக்கட்டும், அன்றைக்கும் கூட்டம்தான்.