ஆறு விதிவிலக்குகள்

தேவாலயக் கூடத்தில் பாய்லர் பழுது. அதனால் கட்சியின் கிளைக் கூட்டம் தலைவி ஃபிலிப்பாவின் சமையலறையில் நடந்தது. வடக்கு லண்டனில் கண்ணாடிக் கூரை போட்ட சமையலறை. நான் குடியிருக்கும் ஃபிளாட்டை அப்படியே அதற்குள் இறக்கிவைத்துச் சுற்றி நடக்கலாம். வீடுகளுக்கு மதிப்புப் போடுவது என் வேலை. எங்கே நுழைந்தாலும் ஒரு தொகை தானாக மனதில் வந்து நிற்கும். இங்கே முப்பது லட்சம் பவுண்டுக்குக் குறையாது.

எடுத்துக்கொள்ள இருந்தது ஒரே தீர்மானம். இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் தனி வரி. அது கட்சி மாநாட்டுக்குப் போக வேண்டுமா என்பதை அன்று முடிவுசெய்ய வேண்டும். தாளில் இரண்டே வரியில் அடங்கும் தீர்மானம். எழுதியவள் என் மனைவி நெரீஸ். வழிமொழிந்தவன் நான். அனுப்பிய மறுவாரம், பிப்ரவரியில், அவள் இறந்தாள். முப்பத்து மூன்று வயது.

"ஷூவ வாசல்லயே விட்டுடுங்கப்பா, தரை புதுசு" என்றாள் ஃபிலிப்பா.

"என் சாக்ஸ் ஓட்டை, அம்மணி. தரைக்குப் பரவாயில்லையா?" என்றார் பெர்னி. பஸ் ஓட்டுகிறவர். மாநகராட்சிக் குடியிருப்பில் இருக்கிறார்.

முதலில் நெரீஸுக்காக ஒரு நிமிட மௌனம். ஃபிரிட்ஜ் உறுமியது. செயலாளர் டங்கன் மேசைக்குக் கீழே செல்பேசியைப் பார்த்தார். அதன்பின் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். தலைப்பு: நெரீஸ் நினைவுத் தீர்மானம். மேலே அவளுடைய இரண்டு வரிகள். கீழே முக்கால் பக்கத்துக்கு வேறு யாருடையதோ.

"சின்னத் திருத்தம்தான்" என்றார் டங்கன். "ஆறே விதிவிலக்கு. அறுபது வயசு தாண்டினவங்களுக்கு வேண்டாம். பதினஞ்சு வருஷமா அதே வீட்ல இருந்தா வேண்டாம். வாங்கினப்போ விலை கம்மியா இருந்திருந்தா, அதுக்கும்..."

"அப்ப இந்தத் தெருவுல யாருதான் கட்டுவா?" என்றார் பெர்னி. "முனை வீட்டு கால்பந்துக்காரரு மட்டுமா?"

"அவர் மனைவி மாடியில யோகா வகுப்பு நடத்தறாங்க. வீட்லயே தொழில் பண்றவங்களுக்கும் விலக்கு. அஞ்சாவது."

"சபாஷ். நாயி வளக்கறவங்க ஆறாவதா?"

"பழைய பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்" என்றார் டங்கன். சிரிக்கவில்லை.

ஃபிலிப்பா என் பக்கம் திரும்பினாள். "நாங்க பணக்காரங்க இல்ல ரோரி. வீடுதான் விலையேறிப் போச்சு. செங்கல்ல கடிச்சுத் திங்க முடியுமா?"

பக்கத்து வீடு விற்றுப்போனபோது அந்த விலையைச் செல்பேசியில் எல்லோருக்கும் காட்டிக் கைதட்டியவள் இவள். இவர்கள் இன்று கட்டும் மாநகராட்சி வீட்டு வரி 1991இல் யாரோ காரை மெதுவாக ஓட்டியபடி வெளியிலிருந்து பார்த்துக் குறித்த மதிப்பின் மேல் நிற்கிறது. நெரீஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"முன்மொழிஞ்சவர் இல்லன்னா வழிமொழிஞ்சவர் திருத்தத்த ஏத்துக்கலாம். விதியில இருக்கு" என்றார் டங்கன். "நீ தலையசைச்சா போதும் தம்பி. ஓட்டே வேண்டாம். கடைசி நேரத் திருத்தம், நீ ஏத்துக்கலன்னா செல்லாது."

"மாநாட்டு மேடையில அவ பேரு ஒலிக்கும், கண்ணா" என்றாள் ஃபிலிப்பா. என் கையைப் பிடித்தாள். அவள் கண்கள் ஈரமாக இருந்தன. அந்த ஈரம் உண்மையானது. மறுகையால் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏத்துக்கல" என்றேன்.

"என்னது?"

"அவ எழுதினது ரெண்டு வரி. அதுக்கு ஓட்டெடுங்க."

"தோத்துடும் ரோரி."

"தோக்கட்டும்."

டங்கன் குரலைத் தாழ்த்தினார். "கிளையே இந்த வரிய எதிர்த்துதுன்னு கூட்டக் குறிப்புல வரும். நம்ம துண்டுப்பிரசுரத்துல ஆதரிக்கறோம்னு போட்டிருக்கோம்."

"ஆமா. யாரு யாரு கை தூக்கினாங்கன்னு பேரோட எழுதணும்."

"அதுக்கு ரெண்டு பேரு கேக்கணும்."

"நான் கேக்கறேன்" என்றார் பெர்னி, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி. "ரெண்டாயிடுச்சுல்ல?"

ஃபிலிப்பா என் கையை விட்டாள்.

ஆதரவு என்றதும் நானும் பெர்னியும் கை தூக்கினோம். எதிர்ப்பு என்றபோது யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டுக்குச் சுழியம் என்றால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்று டங்கன் முணுமுணுத்தார். உடனே ஃபிலிப்பாவின் கை எழுந்தது. பிறகு மற்றவை. பதினொன்று.

டங்கன் பெயர்களை எழுத வேண்டியிருந்தது. அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 'நினைவு' என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன். அடித்தார். முன்மொழிந்தவர்: நெரீஸ். தோல்வி. அதன் கீழே ஃபிலிப்பா, டங்கன், இன்னும் ஒன்பது பேர்.

வாசலில் ஷூவை மாட்டும்போது ஃபிலிப்பா பின்னாலேயே வந்தாள்.

"லெமன் கேக் மீந்திருக்கு. தனியா இருக்கே, எடுத்துட்டுப் போயேன்."

"வேண்டாம்" என்றேன். முடிச்சைப் போட்டேன்.