புகை வரும் பிஸ்டல்

மாசி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு முகைதீன்பாவா ஓட்டமாவடியில் பஸ் ஏறிவிடுவார். ஆண்டுதோறும் அப்படித்தான். சட்டைப்பையில் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி, மடித்து வைத்த பழைய பெனியன் துணி. சந்தியில் வினாயகமூர்த்தி மாஸ்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருவரும் கதைத்தபடி வாவிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்கள். ஒரு பிஸ்டலுக்கு எண்ணெய் போட.

ஆளைக் கொல்கிற பிஸ்டல் அல்ல. ஓட்டப்போட்டி தொடக்குகிற பிஸ்டல். குழலை ஈயம் விட்டு அடைத்திருக்கும். குண்டு போகாது. சத்தம் போகும், புகை போகும். பழைய காலத்து அதிபர் ஒருவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கடையில் வாங்கி வந்தது. இங்கிலாந்தில் செய்தது. நடுவில் சுழலும் உருளை, அதில் ஐந்து அறை.

வினாயகமூர்த்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டப் போட்டிகளிலும் அவர்தான் பிஸ்டல் வெடி வைப்பார். முகைதீன்பாவா புடைவைக் கடைக்காரர். ஓட்டத்தில் பைத்தியம் பிடித்து நேரம் எடுப்பவராக ஆனவர். ஒருவர் தொடக்கத்தில் நிற்பார், மற்றவர் முடிவில். அவர்களுடைய சிநேகிதத்தில் பாதி நூறு மீற்றர் இடைவெளியில் வளர்ந்தது.

நேரம் எடுக்கிறவன் சத்தத்தைக் கேட்டு மணிக்கூட்டை அமத்தக் கூடாது. சத்தம் நூறு மீற்றர் வந்து சேரச் சுணங்கும். புகையைப் பார்த்து அமத்த வேண்டும். இந்தப் பிஸ்டலின் புகை வெள்ளையாக, உருண்டையாக வரும். காற்றில் உடனே கலையாது. முகைதீன்பாவா அதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் தணிந்துவிடும்.

அதிபரின் அறைக்குள் போனார்கள். கேதீஸ்வரி எழுந்து, இரும்பு அலுமாரியைத் திறந்து, மரப்பெட்டியை மேசையில் வைத்தாள். பிறகு தான் எழுதிக்கொண்டிருந்த கோவைக்குத் திரும்பிவிட்டாள். மூன்று வருடமாக அவள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதிபர். மூன்று வருடமும் இதே மாதிரித்தான். பெட்டியை எடுத்துத் தருவாள், பார்க்கமாட்டாள். எண்ணெய் போட்டு முடிந்ததும் பூட்டிவிடுவாள். போட்டியன்று இரண்டு பலகையை ஒன்றோடொன்று அடித்துத்தான் ஓட்டம் தொடங்கும்.

வினாயகமூர்த்தி பிஸ்டலைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் பக்கத்துப் பூட்டை அமத்தினார். பிஸ்டல் நடுவில் மடிந்து தலைகுனிந்தது. உள்ளேயிருந்து நட்சத்திரம் போன்ற சிறு தகடு எழும்பி, இல்லாத தோட்டாக்களை வெளியே தள்ளிவிட்டு, திரும்ப அமர்ந்தது.

"சலாம் வெக்கிது பாருங்க மாஸ்டர்," என்றார் முகைதீன்பாவா. இதையும் அவர் ஆண்டுதோறும் சொல்வார்.

துணியில் எண்ணெயை நனைத்து அறை அறையாகத் துடைத்தார்கள். கொழும்பில் தேசியப் போட்டிக்குப் போனபோது புதுப் பிஸ்டல்களை இருவரும் கண்டிருக்கிறார்கள். தட்டையாக, கறுப்பாக, பிடிக்குள் தோட்டாவை அடுக்கிச் செருகுகிற வகை. வேகமானவைதான், பிழை வராதவைதான். ஆனால் எங்கே மடிகிறது, எது எதைத் தள்ளுகிறது என்று ஒன்றும் வெளியே தெரியாது. வாயைத் திறக்காத மருமகனைப் போல என்று முகைதீன்பாவா அப்போதே சொல்லிவிட்டார்.

இம்முறை அவர் ஒரு வீடியோவும் கொண்டுவந்திருந்தார். கத்தாரில் இருக்கும் மகன் பஹ்மி அனுப்பியது. அமெரிக்காவில் ஒரு கிழவன், இதே மாதிரி மடிகிற பிஸ்டலை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைக்கிறான். நிசத் துப்பாக்கி. முகைதீன்பாவாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. மாஸ்டர் போனைக் காதருகே வைத்துக் கேட்டுச் சொன்னார். புதுசெல்லாம் இதைவிடத் திறமாம். அவனிடமும் நிறைய இருக்காம். ஆனால் அலுமாரியைத் திறந்தால் கை இதுக்குத்தான் போகுமாம்.

"ஏனாம்?"

"ஏனெண்டு அவனுக்கும் தெரியாதாம்."

முகைதீன்பாவா திருப்தியோடு தலையாட்டினார். உலகத்தின் மறுகரையில் ஒரு கூட்டாளி கிடைத்த முகம்.

அப்போதுதான் அறை மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியை இருவரும் கண்டார்கள். இளம் விளையாட்டு ஆசிரியை நிருஷா வந்து அதைத் திறந்து காட்டினாள். லண்டனில் இருக்கும் பழைய மாணவர்கள் வாங்கி அனுப்பிய மின்சாரக் கருவி. செம்மஞ்சள் நிறம், ஒரு பொத்தான், ஒரு சிறிய ஒலிபெருக்கி. அமத்தினால் சத்தமும் வரும், வெளிச்சமும் அடிக்கும். அடுத்த சனிக்கிழமைப் போட்டிக்கு இதுதான் என்றாள். அமத்தியும் காட்டினாள்.

முகைதீன்பாவா காதைத் தடவிக்கொண்டார். "காலையில பாட்டுப் போட்டுக்கிட்டு வார பாண்காரன்ட ஓட்டோ மாதிரி இரிக்கி மகள். பொடியனுகள் ஓட மாட்டானுகள். பாண் வாங்கப் போவானுகள்."

நிருஷா சிரித்தாள். கேதீஸ்வரியும் கோவையைப் பார்த்தபடியே சிரித்தாள். நிருஷா போனதும் முகைதீன்பாவா மாஸ்டரின் விலாவில் முழங்கையால் இடித்தார். பலகை பழுதானால் பிஸ்டலுக்கு ஒரு வாய்ப்பு வரும் என்று இதுவரை இருந்தார்கள். இந்தப் பெட்டி வந்தால் பிஸ்டலுக்கு இனி வேலையே இல்லை. மாஸ்டருக்கு எழுபது வயது. கேட்பதென்றால் இப்போது கேட்க வேண்டும்.

அவர் இந்த மூன்று வருடமும் கேட்காததற்குக் காரணம் இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள். பல வருடம் பொலிசில் கிடந்த பிஸ்டலைப் போட்டிக்கென்று திருப்பித் தந்திருந்தார்கள். வினாயகமூர்த்திக்குச் சமாதானம் வந்ததைவிடப் பிஸ்டல் வந்தது பெரிது. இரண்டு நாள் எண்ணெய் போட்டார். அந்த வருடம் பெண்கள் நூறு மீற்றரில் கேதீஸ்வரி ஓடினாள். பதினாறு வயது. வாவிக்கரை மணலில் அவர்தான் ஓட வைத்துப் பழக்கியிருந்தார். அவள் வெல்வாளா என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரத்தில் என்றுதான் கேட்டார்கள்.

அவர் கையை உயர்த்தினார். விசையை இழுத்தார். பிஸ்டல் அழகாக வெடித்தது.

எட்டுப் பிள்ளைகளும் நிலத்தில் படுத்தார்கள்.

பிள்ளைகள் மட்டுமல்ல. பந்தலில் இருந்த தாய்மார் மடியிலிருந்த குழந்தைகளின் மேல் கவிழ்ந்தார்கள். பிரதம விருந்தினர் மேசைக்குக் கீழே போனார். மைதானம் முழுவதும் படுத்துக் கிடக்க, வினாயகமூர்த்தி மட்டும் கையை உயர்த்தியபடி நின்றார். தலைக்கு மேலே வெள்ளைப் புகை உருண்டையாக நின்றது. வாவியில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நூறு மீற்றருக்கு அப்பால் முகைதீன்பாவாவும் படுத்துத்தான் கிடந்தார், ஓடுகிற மணிக்கூட்டோடு.

பிறகு யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பலகை அடித்து ஓட்டத்தைத் திரும்ப வைத்தார்கள். கேதீஸ்வரி ஓடவில்லை. கடைசியாக எழுந்தவள் அவள். அப்படியே வீட்டுக்குப் போனாள். அதன்பின் பெடியன்கள் அவளைக் கண்டால் "ஆயத்தம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். படிப்பில் கெட்டிக்காரி என்பதால் அவள் படித்து மேலே வந்துவிட்டாள். ஓட்டத்தைப் பற்றி அவரும் அவளும் அதன்பின் ஒரு சொல் கதைத்ததில்லை.

இப்போது அவர் பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மேடம்," என்றார். பிறகு, "பிள்ளை," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் பிஸ்டலை வைக்கலாமா என்று கேட்டார். ஒரு ஓட்டம் போதும், கடைசி ஓட்டம். அனுமதிப் பத்திரம் இருக்கிறது, சத்தத் தோட்டாவும் கொஞ்சம் இருக்கிறது என்றார். நேரம் எடுப்பதற்குப் புகைதான் நல்லது என்றும் சொல்லிப் பார்த்தார். முகைதீன்பாவா இடையில் புகுந்து புகையின் பெருமையைத் தொடர்ந்தார். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பயமெல்லாம் தெரியாது, அவர்கள் பிறந்ததே பிறகு என்றும் சொன்னார்.

"பிள்ளையள் ஓடுவாங்க," என்றாள் கேதீஸ்வரி. "பந்தலுக்குள்ள இரிக்கப்போறது அவங்கட தாய்மார். அவங்கள் என்னோட படிச்சவங்கள்."

முகைதீன்பாவா எண்ணெய்க் குப்பியை இறுக மூடினார். மேசையில் எண்ணெய் மணந்தது.

அவள் பேனாவை மூடினாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். வினாயகமூர்த்தி அறிய அவள் அந்தப் பிஸ்டலை நேராகப் பார்த்தது அப்போதுதான். விரலை நீட்டி, தொடாமலே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு நான் எவ்வளவு நேரம் கிடந்தன், சேர்?"

தெரியாது என்றார்.

"எனக்கும் தெரியாது." பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "ஞாயிற்றுக்கிழமை காலமை கிறவுண்டுக்கு வாங்க. ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க. பொலிசுக்கு நான் சொல்றன். முதல் எனக்கு வைங்க. நான் ஓடினா சனிக்கிழமையும் வைக்கலாம்."

"ஓடாட்டி?" என்று முகைதீன்பாவா கேட்டார்.

அவள் மூலையில் இருந்த செம்மஞ்சள் கருவியைக் காட்டினாள். "பாண்தான்."

திரும்பி வரும்போது முகைதீன்பாவாவின் நடை இளமையாகிவிட்டது. வெண்டுட்டம் மாஸ்டர், வெண்டுட்டம் என்றார். நாற்பத்தாறு வயதுப் பொம்புள நூறு மீற்றர் ஓட வேண்டியதில்லை, நாலடி வைத்தால் போதும், அதை ஓட்டம் என்று எழுதிவிடலாம் என்றார். பஸ் ஏறிய பிறகும் யன்னலால் தலையை நீட்டி, தோட்டாவை வெயிலில் வைத்து எடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். வினாயகமூர்த்தி மறுநாள் சனிக்கிழமை முழுவதும் தோட்டாக்களைச் சுளகில் பரப்பி, காகம் வராமல் காவல் இருந்தார். தோட்டாப் பெட்டியைத் திறந்தபோதே கந்தக வாசம் வந்தது. பழைய போட்டிகள் எல்லாம் அந்த வாசத்தில் இருந்தன. சுண்ணாம்புக் கோடு, இல்லக் கொடிகள், தோடம்பழம், வெயிலில் காய்ந்த புல். யுத்தத்துக்கு முந்திய ஓட்டக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாதிப்பேர் இப்போது இல்லை. பிஸ்டல் இருக்கிறது.

ஞாயிறு காலை மைதானத்தில் பனி விலகியிருக்கவில்லை. கோடுகள் முதல்நாளே போட்டிருந்தார்கள். கேதீஸ்வரி சல்வாரும் மகளுடைய வெள்ளைச் சப்பாத்தும் போட்டு வந்தாள். பிஸ்டல் பெட்டியை அவளே கொண்டுவந்து மாஸ்டரிடம் தந்தாள். பிறகு வாவிக்கரைக்குப் போனாள். தோணியில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இப்ப ஒரு வெடிச்சத்தம் கேக்கும். ஒண்டுமில்ல. விளையாட்டுக்கு."

தோணிக்காரர் கையை உயர்த்திக் காட்டினார். ஆனால் வலையை விட்டுவிட்டு, தோணிக்குள் குந்திக்கொண்டார்.

முகைதீன்பாவா முடிவுக் கோட்டில் போய் நின்றார். பழைய மணிக்கூடு கையில். பெருவிரல் பொத்தானில். அவருக்கு இங்கே வேலை ஒன்றுமில்லை, நேரம் யாருக்கும் தேவையில்லை. அவர் புகைக்காக நின்றார்.

வினாயகமூர்த்தி பிஸ்டலை மடித்தார். அது தலைகுனிந்தது. ஒரு தோட்டாவை அறைக்குள் இட்டு மூடினார். இறுகிய, சுத்தமான ஒரு சத்தம். வேறு எந்தப் பிஸ்டலிலும் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. இருபத்தைந்து வயதில் பிடித்தமாதிரியே பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தது. பின்பக்கக் கொம்பைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினார்.

"உரிய இடத்தில்," என்றார்.

அவள் கோட்டுக்குப் பின்னால் முழந்தாளிட்டாள். முழங்கால் ஒன்று நெட்டி முறிந்தது. தனக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அவர் பழக்கியபடியே இடது காலை முன்னே வைத்தாள். முப்பது வருடத்தில் அது மறக்கவில்லை.

அவர் கையை உயர்த்தினார். வாவியில் கொக்குகள் நின்றன. நூறு மீற்றருக்கு அப்பால் முகைதீன்பாவா முன்னால் சரிந்து நின்றார்.

"ஆயத்தம்."

அவளுடைய இடுப்பு உயர்ந்தது. தலை தாழ்ந்தது.

ஓட்டம் தொடக்குகிறவன் பார்க்க வேண்டியது ஓடுகிறவரின் கையை. விரல் நுனிகள் வளைந்து, கோட்டுக்குப் பின்னால் பாலம் மாதிரி நிற்க வேண்டும். அப்போதுதான் உடல் முன்னால் பாயும். வினாயகமூர்த்தி அவளுடைய கைகளைப் பார்த்தார்.

விரல்கள் வளைந்திருக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து புல்லோடு புல்லாய் அழுந்தியிருந்தன. படுக்கப் போகிறவளின் கைகள். கண்கள் இறுக மூடியிருந்தன. முழங்கைகள் மடியத் தயாராக இருந்தன. ஆனாலும் இடுப்பு தாழவில்லை. உடம்பின் பாதி ஓடவும் பாதி விழவும் நின்றது.

எழும்பச் சொல்லலாம். அதற்கு விதி இருக்கிறது. விசையை இழுக்கலாம். அதற்குத்தான் வந்தது. விரலுக்குக் கீழே விசை வழமைபோல் குளிர்ந்து, வழமைபோல் இலேசாக இருந்தது. ஒரு மூச்சுப் போதும்.

முகைதீன்பாவா தூரத்தில் கையை அசைத்தார். தோணிக்காரர் இன்னும் தோணிக்குள் குந்தியிருந்தார். ஒரு கொக்கு ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றது. உயர்த்திய கை உயர்த்தியபடி இருந்தது.

கேதீஸ்வரி தலையைத் திருப்பவில்லை. கண்களைத் திறக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சேர் நான் இப்பிடியே நிக்கிற?"