ஒப்பாரிக்கு ஒழுங்கு விதி

கிள்ளானில் ஈமச்சடங்கு கம்பெனி நடத்தும் குரு, கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் கோர்ஸ் போய்விட்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். சின்னக் கம்பெனியானாலும் பணியாளர் நடத்தை விதி வேண்டும் என்று அங்கே யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். கொடுத்த மாதிரித் தாளில் 'காப்பிக்கடை' என்றிருந்த இடத்தையெல்லாம் அழித்துத் தன் கம்பெனிப் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டினான். குரலை உயர்த்தக் கூடாது. வாடிக்கையாளரைத் தொடக் கூடாது. வாடிக்கையாளரை ஏசக் கூடாது. மூன்றாவது முறை மீறினால் வேலை காலி.

வண்டி ஓட்டுகிறவருக்கும் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இராஜம்மாவுக்குத்தான் சிக்கல். அவள் வேலையே ஒப்பாரி வைப்பது.

பள்ளிக்கூடக் கேண்டீன், பாலர் பள்ளி, பூச்சோங்கில் ஒரு கிளினிக் என்று போன இடமெல்லாம் அவள் தொண்டைதான் அவளுக்கு எதிரி. மெல்லப் பேசத் தெரியவில்லை என்று எல்லாரும் கழற்றிவிட்டார்கள். அந்தத் தொண்டைக்கே சம்பளம் கொடுத்த இடம் இது ஒன்றுதான். இதுவும் போனால் தன்னை எவனும் சேர்க்க மாட்டான் என்று பயந்தாள்.

முதல் எச்சரிக்கைக் கடிதம் சத்தத்துக்காக வந்தது. இரண்டாவது, பந்திங் ஊர்ச் சாவு வீட்டில் அவள் வைத்த ஒப்பாரிக்காக.

"அக்கா, நேத்து அந்தத் தாத்தாவ அடப்பாவின்னு சொன்னீங்க. கஸ்டமர ஏசுனது அது."

"அவரு செத்துட்டாரு லா, தம்பி."

"செத்தாலும் கஸ்டமர் கஸ்டமர்தான்."

"காசு குடுத்தது அவரு மகன். அப்ப யாரு கஸ்டமரு?"

குரு யோசித்தான். கோர்ஸில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. "ரெண்டு பேரும்தான்," என்று கடிதத்தை நீட்டினான்.

அடுத்த சாவு கிள்ளானிலேயே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன். இராஜம்மா பெட்டியிலிருந்து தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"ஐயா, நீங்க எங்கள விட்டுப் போனதுல எங்களுக்கு வருத்தம். இத்தனை நாள் எங்களோட இருந்ததுக்கு ரொம்ப நன்றி."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உறுமிக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரின் மனைவி சந்திரகலா நிமிர்ந்தாள்.

"என்னம்மா, பேங்குல இருந்தா வந்திருக்க? இந்த மனுசன் கல்யாணம் பண்ண நாள்ல இருந்து என்னை வாயத் தொறக்க விட்டதில்ல. இப்ப அழக்கூட வரமாட்டேங்குது. நீயாச்சும் நாலு வார்த்தை கேளேன்."

இராஜம்மா குருவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள், "அடப்பாவி மனுசா!" என்று போட்டாள் ஒரு போடு. கூடாரமே அதிர்ந்தது.

குரு சொன்ன சொல் தவறாதவன். அத்தனை பேர் நடுவிலும் குனிந்து வந்து, அவள் மடியில் மூன்றாவது கடிதத்தை வைத்தான்.

"இப்பவேவா, தம்பி?"

"இப்பவேதான், அக்கா. சாரி."

இராஜம்மா கடிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது: வேலையே இல்லாதவளுக்கு என்ன விதி? இத்தனை வருஷமாகச் சம்பளத்துக்கு அழுதவளுக்கு அன்றைக்கு நிஜமாகவே அழுகை பீறிட்டது.

"நம்பி வந்தவள நடுத்தெருவுல விட்டியே! நாலெழுத்துப் படிச்ச திமிருல நாயா மதிச்சியே! போக்கிடம் இல்லாதவன்னு தெரிஞ்சும் போன்னு சொன்னியே!"

"ஆமா! அப்படித்தான் செஞ்சாரு!" என்று சந்திரகலா மாரில் அடித்துக்கொண்டு வெடித்தாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். உறுமி முழங்கியது. தலைமையாசிரியரின் கணக்கை இவள் தீர்க்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். குரு மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில், தன் சாவுக்குத் தானே வந்தவன் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.