நாற்பத்தொன்றாம் பக்கம்

பரிமளம் எண்ணெய்த் துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்த புத்தகம் நனையவில்லை. பண்டாரவளையிலிருந்து பதுளை வரை மாட்டு வண்டி மழையிலேயே வந்திருந்தது. வண்டிக்கார இப்றாஹீம் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“சாமி கடுதாசியும் குடுத்திருக்காரு, தங்கச்சி. மொதலாளிக்கு எப்பிடி இருக்கு?”

“வண்டி வந்துச்சா, வண்டி வந்துச்சான்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க இப்றாஹீம் நானா.”

வைத்தியர் நாடி பார்த்துவிட்டுப் போயிருந்தார். பொழுது சாய்கிற வரைக்கும்தான் தாங்கும் என்று அவர் சொன்னதை இப்றாஹீமிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்பு மிஷன் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, பழைய காகிதங்களைப் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதற்காக அவள் புருஷன் தர்மலிங்கம் வாங்கினார். அதில் ஒரு புத்தகம் இருந்தது. முன்னாலிருந்து தாள் தாளாகக் கிழித்து, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மிளகாயும் மல்லியும் கட்டிக் கொடுத்தார். ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லை. கிழிக்கப் போன தாளைச் சும்மா படித்தார். தோளில் மூட்டையோடு ஒருவன் ஆற்றங்கரையில் ஓடத்துக்காக நிற்கிறான். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தாள்கூடக் கிழிபடவில்லை.

எழுதியவர் பழைய காலத்துக் கத்தோலிக்கக் குரு ஒருவர் என்பது மட்டும் உள்ளேயிருந்து தெரிந்தது. பேர் இருந்த தாள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எந்த லயத்துக்குப் போயிற்றோ. கடை சாத்தியதும் பரிமளம் படிப்பாள். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பார். ஒவ்வொரு முறையும் அவன் ஓடத்துக்காக நிற்கிற அதே இடத்தில் நிறுத்தச் சொல்வார்.

“இவன் ஏன் வீட்டை விட்டுப் போனான்?”

“அது மல்லிப் பொட்டலத்தோட போயிருச்சுல்ல.”

“பொண்ணு பாத்திருப்பாங்க. பிடிச்சிருக்காது.”

“பொண்ணுக்கு இவனைப் பிடிக்காம இருந்திருக்கும்.”

இருவரும் சிரிப்பார்கள். தர்மலிங்கம் பதினாலு வயதில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் கப்பலேறியவர். அவர் திரும்பிப் போவதற்குள் தாய் போய்விட்டாள். அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை.

போன மாதம் அவர் நோயில் படுத்த பிறகு பரிமளம் அதிலிருந்து நாலு வரியைப் பார்த்து எழுதினாள். இவர் யார், இவரை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டு, பண்டாரவளைக் கத்தோலிக்கக் கோயில் சாமியாருக்கு இப்றாஹீமிடம் கொடுத்தனுப்பினாள்.

பதில் சுருக்கமாக இருந்தது. ‘இவர் எட்டு நூல்கள் எழுதியிருக்கிறார். பலர் பெரிய தர்க்க நூலை முதலில் எடுத்துப் பத்து நாளில் மூடிவிடுகிறார்கள். நீங்கள் இந்தக் கதையிலேயே தொடங்குங்கள். என்னிடமுள்ள முழுப் பிரதியை அனுப்புகிறேன், படித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். முன்னால் நாற்பது பக்கம் அனுமதிக் கடிதங்களும் முகவுரையும். அவற்றை விட்டுவிடலாம். கதை நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.’

பின்னறையில், பிற்காலத்தில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த தர்மலிங்கத்தின் அக்கா வடிவம்மா அவர் நெஞ்சில் விபூதி தடவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

“தேவாரம் படிக்க வேண்டிய நேரத்துல பாதிரி புஸ்தகமாடி?”

“அக்கா,” என்றார் தர்மலிங்கம். குரல் மூச்சோடு வந்தது. “சிவன் கோவிச்சுக்க மாட்டாரு. அவருக்கும் கதை பிடிக்கும்.”

வடிவம்மா பால் சுட வைக்க எழுந்து போனாள்.

பரிமளம் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தாளைத் திருப்பினாள். விட்டுவிடலாம் என்று சாமியார் எழுதியிருந்தார்தான். ஆனால் புரட்டாசியில் அவள் புராணம் படிக்கும்போது காப்பு, கடவுள் வாழ்த்து, பாயிரம், அவையடக்கம் என்று ஒன்றையும் தாண்டியதில்லை. தாண்டினால் கேட்பவருக்கு ஆகாது என்பார்கள். இன்றைக்கா தாண்டுவது?

மேற்றிராணியாரான பிஷப்பின் அனுமதிக் கடிதத்தைப் படித்தாள். இன்னொரு குருவின் சாற்றுக்கடிதத்தைப் படித்தாள். அச்சுக்கூடத்தாரின் விண்ணப்பத்தைப் படித்தாள். பிழைதிருத்தத்தையும் விடவில்லை. இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இதை இதுவாகத் திருத்திக்கொள்க.

தர்மலிங்கம் கண் திறந்தார். “இதெல்லாமா அவன் மூட்டையில இருந்துச்சு?”

“வந்துரும்ங்க. முகவுரை மட்டும்தான் பாக்கி.”

முகவுரையில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பக்கம் ஓடியது. அவள் வேகமாகப் படித்தாள். இருபத்தாறாம் பக்கத்தில் அவர் மூச்சு மாறியது. ஒன்று வந்து, அடுத்ததற்கு நேரம் எடுத்தது. கை அவள் முழங்காலைத் தேடியது.

“பரிமளம். ஏன் போனான்?”

அவள் தாள்களை மொத்தமாகத் தள்ளினாள். முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. திரும்பவும் முப்பத்தொன்பது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எழுத்து எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“அவன் விடியுமுன் எழுந்தான்,” என்று தொடங்கினாள். “தாய் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கொல்லைப் பக்கமாக நடந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.”

தர்மலிங்கம் அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்ப்பதுபோல் இருந்தது.

“பாதிரியார் இவ்வளவு சுருக்கமா எழுத மாட்டாரே.”

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சரி. படி.”

“வேலியைத் தாண்டும்போது ஒரு முள் கீறியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தாய் பார்த்தாள்.”

“பாத்தாளா?”

“முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் பனைமரங்களைத் தாண்டும்வரை பார்த்தாள். கூப்பிடவில்லை.”

வடிவம்மா பால் தம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. அங்கேயே மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன் கூப்பிடல?” என்றார் தர்மலிங்கம்.

பரிமளத்துக்கு அடுத்த வரி வரவில்லை. தாளைத் திருப்பினாள்.

“படி,” என்றார்.

அவள் தேடிக்கொண்டிருந்தாள். முழங்காலில் இருந்த கை கனத்தது. வடிவம்மா தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அவரை ஆற்றோரம், ஓயாக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். விறகை இப்றாஹீமின் வண்டிதான் ஏற்றிப் போயிற்று. ஆண்கள் குளித்துத் திரும்பி, வீடு அடங்கிய பிறகு அவர் வாசலில் வந்து நின்றார். பண்டாரவளைக்குப் போக வேண்டியிருந்தது.

வடிவம்மா அறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுத்து உயரமான மாடத்தில் அவளே வைத்திருந்தாள். பரிமளம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

பரிமளம் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி நூல் கட்டினாள்.

“சாமி கேப்பாரு, தங்கச்சி. எங்கேருந்து படிச்சீங்கன்னு.”

“மொதல்லேருந்துன்னு சொல்லுங்க.”

இப்றாஹீம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நுகத்தடியில் கை வைத்தார். போகவில்லை.

“மொதலாளி எங்கிட்டயும் பத்துத் தடவ கேட்டிருக்காரு. ஹாலிஎல ஏத்தத்துல வர்றப்பல்லாம் நானும் யோசிப்பேன். அவன் ஏன்தான் வீட்ட விட்டுப் போனான்?”

பரிமளம் தெருவைப் பார்த்தாள்.

“அது தெரியல நானா. ஆனா போகும்போது அவுங்கம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

“அப்புறம்?”

பாடையிலிருந்து உதிர்ந்த பூ வாசலில் கிடந்தது. இடப்பக்கத்து மாடு கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. இருவரும் அதை விரட்டவில்லை.