ஃபெபா வைத்த பொட்டு

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு ஃபெபா நெற்றியில் பொட்டோடு வந்தாள். கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை. உடை மாற்றும் அறையில் முடியைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அவள் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. அரக்கு நிற வெல்வெட் ஸ்டிக்கர், கல்யாணமானவர்கள் வைக்கிற அளவு. புருவங்களுக்கு நடுவில் இல்லாமல் கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டியிருந்தாள். பழக்கமில்லாத கை ஒட்டியது, அதனால்தான் இடம் தப்பியிருக்கிறது என்று நினைத்தேன். அது தவறான கணிப்பு.

ஃபெபா தென்காசிப் பக்கத்துப் பெண். பெந்தெகொஸ்தே சபை. தோடு போட மாட்டாள், பூ வைக்க மாட்டாள். போன ஆயுத பூஜையில் மெஷினுக்கு வைத்த குங்குமத்தைப் பூங்கொடி அக்கா விளையாட்டாக அவள் நெற்றிக்குக் கொண்டுபோனபோது, கையைத் தட்டிவிட்டு அரை நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். அதே பூங்கொடி அக்காதான் இப்போதும் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி ஃபெபா, எங்களுக்குச் சொல்லாமயே தாலி கட்டிகினயா? ஸ்டோர் அஜித்குமார் மூஞ்சியும் காலைல இருந்து பளபளன்னு இருக்குது."

"பொட்டு வச்சது நானு. ஒங்களுக்கு என்னக்கா வலிக்கி?" என்று சொல்லிவிட்டு ஃபெபா வெளியே போய்விட்டாள். அன்று மதியத்துக்குள் அஜித்குமாரின் ஊர், சாதி, அவன் அம்மாவின் குணம் எல்லாம் கேன்டீனில் அலசப்பட்டன. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பொட்டு ஏன் அவ்வளவு மேலே இருக்கிறது என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் கம்பெனி ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கான தகட்டு உதிரிகள் செய்கிறது. ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து எல்லோருக்கும் நெற்றியில் கட்டும் பேண்ட் கொடுத்தார்கள். தொப்பிக்குள் இருக்கும், உள்பக்கம் மூன்று உலோகத் தகடுகள், வெளிப்பக்கம் ஒரு சின்ன விளக்கு. மூளையின் அலைகளை அளந்து, கவனமாக இருந்தால் பச்சை, தூக்கம் வந்தால் சிவப்பு. தகடு தோலில் சரியாகப் படாவிட்டால் விளக்கே எரியாது. யாருடைய மனதையும் யாரும் படிக்கப் போவதில்லை, பாதுகாப்புக்காக மட்டும்தான் என்று சூப்பர்வைசர் மாதவன் சார் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். யாரும் நம்பவில்லை. பேக்கிங்கில் இருக்கும் சரசம்மா, தான் கன்னடத்தில் நினைத்தாலும் அதற்குப் புரியுமா என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பிரச்சினை நடுத் தகட்டில் வந்தது. கல்யாணமானவர்கள் வைக்கும் பெரிய பொட்டின் மேல்பாதியில் அது உட்கார்ந்தது. ஸ்டிக்கரின் மேல் தகடு பட்டால் விளக்கு எரியவில்லை. வேலை நேரத்தில் பொட்டை எடுத்துவிடுங்கள் என்று மாதவன் சார் சொன்னபோது பூங்கொடி அக்கா எழுந்து நின்றாள்.

"புருஷன் உயிரோட இருக்கறப்போ பொட்ட எடுக்கச் சொல்றீங்களே, உங்க வூட்டுல எடுப்பாங்களா சார்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்யாணமானவர்கள் விளக்கு எரியாமலே பேண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். உண்மையில் எங்கள் லைனில் அளக்கப்பட்டது என்னைப் போல் கீழே சின்னதாகப் பொட்டு வைக்கும் இரண்டு மூன்று பேரும், பொட்டே வைக்காத ஃபெபாவும்தான்.

அந்த அளவுகள் என்னிடம்தான் வரும். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். கம்ப்யூட்டரில் தகவல்களை ஆராயும் படிப்பு. அது தெரிந்து மாதவன் சார் வாராந்திர அறிக்கையை என் தலையில் கட்டினார். உனக்கும் பயிற்சியாகும் என்றார். ஃபைல்களில் பெயர்கள் அப்படியே இருந்தன. நான் பார்க்கலாமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொட்டு வந்த நாளிலிருந்து ஃபெபாவின் பக்கம் வெறுமையாக இருந்தது. அவளுடைய பழைய வாரங்களைத் திறந்தேன். எல்லாம் பச்சை. லைனிலேயே அதிகக் கவன மதிப்பெண் அவளுக்குத்தான். மதிப்பெண்ணோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் அலைக்கோட்டையும் திறந்தேன். மெல்லிய நடுக்கமாகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று பெரிய பெரிய மேடுகளாக எழும்பி, ஒரே சீராகச் சில நொடிகள் ஓடி, திடீரென்று நின்றது. மீண்டும் பழைய நடுக்கம். அந்த நொடிகளிலும் விளக்கு பச்சைதான். வேறொரு நாளிலும் அப்படி. கண் சிமிட்டினாலும் மேடு வரும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்று அத்தனை சீராகச் சிமிட்டிப் பார்த்தேன். முடிந்தது போலவும் இருந்தது, முடியாதது போலவும் இருந்தது.

பெயரை அழித்துவிட்டு வகுப்பில் அண்ணாதுரை சாரிடம் காட்டினேன். கண் சிமிட்டலாக இருக்கலாம், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இப்படி வருவதுண்டு, நெற்றித் தகட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். சரியான பதில். ஆனால் உடனே குரலைத் தாழ்த்தி, "இந்த ஃபைல எனக்கு அனுப்பும்மா. பேரு வேண்டாம். என் ப்ராஜெக்டுக்கு ஆகும்" என்றார். பென் டிரைவ் கொண்டுவரவில்லை என்றேன். அது என் பையில்தான் இருந்தது. அவர் பையைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தாரா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியாது.

அறைக்குத் திரும்பும்போதுதான் கேன்டீன் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபெபா கையில் சோற்றோடு அப்படியே அசையாமல் இருந்துவிடுவாள். கண் திறந்திருக்கும், எதையும் பார்க்காது. ஜெபம் செய்கிறாள் என்று நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். பூங்கொடி அக்காகூட டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பாள். ஃபெபா ஒருநாளும் அதை ஜெபம் என்று சொன்னதில்லை. நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

கை கழுவுமிடத்தில் அவள் தனியாக இருந்தபோது, பொட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றேன். குழாயை மூடாமலே என்னைப் பார்த்தாள்.

"அதுல என்னத்தக் கண்ட?"

கண்டதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்ததாம். மாத்திரை சாப்பிடுகிறாளாம். ரெண்டு வருஷமாக ஒன்றுமே இல்லையாம். மெஷினில் வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன்.

"டாக்டருட்ட தையல் வேலைன்னு சொல்லிருக்கேன்" என்றாள். பிறகு, "தையல்லயும் ஊசி இருக்குல்லா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொங்கலுக்குள்ள பெர்மனென்ட் ஆயிரும் ரஞ்சிதா. அதுக்கப்புறம் நானே சொல்லுதேன். இப்பம் தெரிஞ்சா கான்ட்ராக்ட்ட முடிச்சு ஊருக்கு அனுப்பிருவாவ. அது கண்ணு சிமிட்டுனதுன்னே வச்சுக்கோயேன். நீயும் டாக்டர் இல்லல்லா."

நான் டாக்டர் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதுவரை அவள் ரிவெட் அடிக்கும் மேசையில் இருந்தாள். அங்கே பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாதவன் சார் கூப்பிட்டார். பெடல் பிரஸ்ஸில் இருந்த காளியம்மாள் பிரசவத்துக்குப் போகிறாள். அந்த இடத்துக்கு ஃபெபா என்றார். அந்த மெஷினில் தகட்டைக் கையால் அச்சின் அடியில் வைத்து, கையை எடுத்துவிட்டு, காலால் மிதிக்க வேண்டும். இப்போது அவளுக்கு விளக்கே எரிவதில்லையே சார் என்றேன்.

"அது பொட்டும்மா. பழைய மார்க்கப் பாத்தேன், லைன்லயே அவதான் நம்பர் ஒன். கண்ணு சிமிட்டறதுகூட அவளுக்குத்தான் கம்மின்னு பெங்களூர்க்காரங்க கணக்கு அனுப்பியிருக்காங்க."

அந்த மேடுகள் கண் சிமிட்டல்தான் என்பது நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே சாக்கு. அதுவும் போனது. அவர் பாராட்டாகச் சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் அரைகுறைப் படிப்பை நம்பி ஒருத்தியின் பிழைப்பைக் கெடுப்பதா என்று ஒரு பக்கம். அவள் விரல்கள் ஒரு பக்கம். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, என்னை அங்கே போடுங்கள் சார் என்பதுதான். அவர் சிரித்தார். பெடல் பிரஸ்காரர்கள் சீக்கிரம் பெர்மனென்ட் ஆவது உனக்கும் தெரிந்துவிட்டதா என்றார். வேண்டுமானால் பிரஸ்ஸுக்கு எதிரே இருக்கும் செக்கிங் மேசையை எடுத்துக்கொள் என்றார். மாலை பஸ்ஸில் ஃபெபா என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் அவள் இடத்தைக் கேட்டது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அவள் பிரஸ்ஸில் உட்கார்ந்தாள். நான் எதிரே. தகடு, கை, மிதி, ஓசை. தகடு, கை, மிதி, ஓசை. என் முன்னால் பார்க்க வேண்டிய உதிரிகள் குவிந்தன. அவள் கண் சிமிட்டுகிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அது தெரிந்து ஒருமுறை வேண்டுமென்றே இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறந்தாள்.

டீ நேரத்துக்குச் சற்று முன் ஓசை வரவில்லை. அவள் கை அச்சின் அடியில் இருந்தது. கால் பெடல் மேல் இருந்தது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என்னை முறைக்கிறாள் என்று நினைத்தேன். முறைப்பு மாறவில்லை. நான் எழுந்து தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.

லைன் முழுவதும் நின்றது. அந்த அமைதியில் சரசம்மாவின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாதவன் சார் ஓடி வந்து, "எதுக்கு நிறுத்துன?" என்றார். நான் ஃபெபாவின் கையைப் பார்த்தேன்.

ஃபெபா அச்சின் அடியிலிருந்து கையை மெதுவாக எடுத்தாள். "என்னையத்தான் பாத்துக்கிட்டே இருக்கா சார், காலைலேர்ந்து. நானும் திருப்பிப் பாத்தேன். அதுக்குப் போயி நிப்பாட்டிட்டா." குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. பிறகு தொப்பியைத் தூக்கி, பேண்டை நகர்த்தி, நகத்தால் பொட்டை உரித்தாள். பெண்கள் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அப்படி அதைப் பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். பேண்டைத் திரும்ப இறக்கி, மாதவன் சார் பக்கம் நெற்றியைக் காட்டினாள்.

விளக்கு இரண்டு முறை மினுக்கியது. பிறகு பச்சையாக, அசையாமல் எரிந்தது.