எங்கள் வீட்டு மூக்கு

என் புகுந்த வீட்டில் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட யார் கண்ணிலும் படாது. நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு. இந்த மூக்கு உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் என்பார் மாமனார். அவருக்குப் பிறகு அந்தப் பெருமையை என் கணவர் எடுத்துக்கொண்டார். என் மூக்கு சப்பை. பத்து மாதம் சுமந்தவள் நான், பிறந்தவன் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தான். கிளி என்றுதான் கூப்பிடுவோம்.

கிளி வேலைக்குப் போன ஊரில் அவன் ஏறிய படகு கவிழ்ந்தது. அடையாளம் காட்ட வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் கணவர் தையல்காரர், ஆளை ஏற இறங்கப் பார்த்தே அளவு சொல்கிறவர். நீ தாங்கமாட்டாய் என்று என்னை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து, "நம்ம மூக்குதான்" என்றார். கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி, அங்கேயே எரித்தோம். கடைசிவரை எனக்கு முகத்தைக் காட்டவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு ஒருவர் வந்தார். நிமிர்ந்து பார்த்த என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டார். அதே மேடு, அதே வளைவு. எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாதவர், முடிவெட்டுகிற தொழில். அவர் மகனும் அதே படகில் போனவன். ஒரே ஒரு உடல் மட்டும் கிடைக்கவில்லையாம், அது தன் மகன்தான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்களாம். மனசு கேட்காமல், உடலை வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்.

மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று கணவர் சொன்னதும் அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"தினம் இருபது முகம் என் கையில வருதுங்க. நம்ம ஆளுங்கள்ல சப்பையும் இருக்கு, நீளமும் இருக்கு, இதுவும் இருக்கு. இது யார் வீட்டுச் சொத்தும் இல்ல."

பிறகு, இடது முழங்காலில் ஒரு பழைய தழும்பு இருந்ததா என்று கேட்டார். எட்டு வயதில் கண்ணாடி கிழித்ததாம், ஏழு தையலாம். கிளிக்கு முழங்காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"இருந்துச்சு. போன இடத்துல எங்கயாவது விழுந்திருப்பான்னு நெனச்சேன். மூக்கப் பாத்தப்புறம் வேற எதையும் யோசிக்கத் தோணல."

வந்தவர் வெட்டுத்துணிக் குவியல்மேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

அவர் போன பிறகு, "அப்ப நம்ம பையன் உயிரோட இருக்கலாம்ல?" என்றார் கணவர். ஓங்கி அறையலாம் போலிருந்தது. உயிரோடு இருப்பவன் இரண்டு மாதமாக ஒரு போன் பண்ணமாட்டானா? கிடைக்காத அந்த ஒரு உடல் யாருடையது என்று அவருக்கும் தெரியும்.

இத்தனை நாளும் நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதது அந்த முடிவெட்டுகிறவர் பிள்ளைக்காக. தண்ணீருக்குள் கிடக்கும் என் பிள்ளைக்காக நான் இன்னும் அழவே இல்லை.